பொங்கலுக்குக் கூடிய கடல் சங்கம்

தூத்துக்குடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முத்து, உப்பு, மக்ரூன், வ.உ.சி. கப்பல் விட்ட கதை எல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். அந்த வரிசையில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. உலகத்தில் பவளப்பாறைகளை ஆராய்கிறவர்கள் எல்லாரும் நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை கூடும் பெரிய மாநாடு ஒன்று இருக்கிறது. மியாமி, மணிலா, தாஹித்தி, பாலி, ஒக்கினாவா, ஹொனலூலு என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டாயிரம் பேருக்கு மேல் கூடிய கூட்டங்களும் உண்டு. அந்த வரிசையில் முதலாவது மாநாடு என்று எல்லாரும் எண்ணிக்கை தொடங்குவது எங்கிருந்து தெரியுமா? நம் மன்னார் வளைகுடாக் கரையில், மண்டபம் கேம்ப்பில், 1969 ஜனவரியில் நடந்த கூட்டத்திலிருந்து.

அதைக் கூட்டியது இந்தியக் கடல் உயிரியல் சங்கம். 1958-ல் மண்டபம் கேம்ப்பிலேயே ஆரம்பித்த சங்கம் அது. அப்போது அதற்குப் பதினோரு வயதுகூட நிறையவில்லை. இந்தச் சங்கத்தைப் பற்றியும், அது எழுதி வைத்ததற்கும் நம் கரையில் நடந்ததற்கும் இடையில் விழுந்த பள்ளத்தைப் பற்றியும் இன்று எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், இப்படிப்பட்ட சங்கங்கள் ஏன் உண்டாகின்றன என்று ஒரு வார்த்தை. விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வேம்பூர் ஆடு என்று நம் மாவட்டத்து ஊரின் பெயரிலேயே ஓர் ஆட்டினம் இருக்கிறது. பல பேருடைய ஆடுகள் ஒரே கிடையில் சேர்ந்து கிடக்கும். மேய்கிற நிலம் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. எந்தக் காட்டில் எப்போது மேய்க்கலாம், எங்கே புல் தேறும்வரை விட்டுவைக்க வேண்டும் என்பதைக் கீதாரி சொல்வார். பொதுநிலம் என்றால் மேய்க்க ஆள் உண்டு, காக்க ஆள் குறைவு. அதனால் அதைப் பற்றித் தெரிந்தவர்கள் ஒன்றுகூடிப் பேசியே ஆக வேண்டியிருக்கிறது.

இதையே படித்தவர்களும் செய்தார்கள். அமெரிக்காவில் மேய்ச்சல் நிலப் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் 1948-ல் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் அதற்குக் கிளை, வருஷாந்திரக் கூட்டம், ஓர் ஆராய்ச்சி இதழ். நம் நாட்டில் ஜான்சியில் 1962-ல் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையம் வந்தது. பிறகு அங்கே இந்திய மேய்ச்சல் நில மேலாண்மைச் சங்கமும் வந்தது.

கடலிலும் மேய்ச்சல் நிலம் உண்டு. பாக் நீரிணையின் கடற்புல் படுகையில் ஆவுளியா என்று நம்மவர் சொல்லும் கடல்பசு மேய்கிறது. பாறையில் பாசியை மீன்கள் மேய்கின்றன. கடலடியில் மேடாக இருக்கும் கல்தரையை நம் கரையில் 'பார்' என்பார்கள். தொள்ளாயிரம் பார், நகரைப் பார், புலிப்புண்டுப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் வயல்காட்டுக்குப் பெயர் வைத்தாற்போலப் பெயர் இருக்கிறது. கரையில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. குளியாளிக்கு மட்டும் அது தெருவைப் போலத் தெரியும்.

இந்தப் பார்களை நிர்வகிப்பது பழைய காலத்திலிருந்தே அரசாங்கத்தின் வேலை. முத்துக்குளிப்பு நினைத்தபோது நடக்கிற காரியம் கிடையாது. முதலில் பார்களைச் சோதிப்பார்கள். சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். விளைந்திருந்தால்தான் அறிவிப்பு வரும். இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் கடல் சும்மா கிடக்கும். 1928-க்குப் பிறகு ஒரு தலைமுறைக் காலம் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பே இல்லை. பிறகு 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்தது. அதுதான் கடைசி. அதன் பிறகு இன்றுவரை கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஏன் சிப்பி சில வருஷம் மலிகிறது, ஏன் பல வருஷம் காணாமல் போகிறது என்ற கேள்விக்குப் பதில் தேடத்தான் விஞ்ஞானிகள் தேவைப்பட்டார்கள்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கி, 1949-ல் மண்டபம் கேம்ப்புக்கு வந்தது. அந்த ஊருக்குக் 'கேம்ப்' என்று பெயர் வந்ததே ஒரு சோகமான வரலாறு. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் ஜனங்களைக் கப்பலேற்றுவதற்கு முன்னால் நோய்த் தடுப்புக்காக அடைத்து வைத்த முகாம் அது. பின்னால் யுத்த காலத்தில் பட்டாளம் வந்தது. எல்லாரும் போன பிறகு மிச்சம் இருந்த கட்டடங்களில் விஞ்ஞானிகள் குடியேறினார்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல், காற்று, ரயில் தண்டவாளம். சென்னைக்கு ஓர் இரவுப் பயணம். சினிமாக் கொட்டகைக்கும் காய்கறிக்கும்கூட வெளியூரை நம்பியிருக்க வேண்டிய இடம்.

அப்படிப்பட்ட இடத்தில் சங்கம் முளைத்ததில் ஆச்சரியமில்லை. ஆபீஸ் என்றால் மேலதிகாரி, கீழதிகாரி, டூர் பில், தபால் என்று ஒரு கட்டு இருக்கும். சங்கத்தில் அந்தக் கட்டு கொஞ்சம் தளரும். சந்தா கட்டினவர் எல்லாரும் உறுப்பினர். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் எழுதிய கட்டுரையும் டைரக்டர் எழுதிய கட்டுரையும் ஒரே இதழில் அடுத்தடுத்து வரலாம். நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அங்கே 'ஸொசியெத்தே சவாந்த்' என்ற சொல்லை அடிக்கடி கேட்டிருக்கிறேன். அறிவாளர் சங்கம் என்று பொருள். பிரான்சில் சின்னச் சின்ன ஊரிலும் அப்படி ஒன்று இருக்கும். பள்ளி ஆசிரியர், மருந்துக்கடைக்காரர், பாதிரியார் எல்லாரும் கூடித் தங்கள் வட்டாரத்துச் செடியை, கல்லை, பழைய நாணயத்தைப் பற்றிக் கட்டுரை படித்து அச்சடிப்பார்கள். மண்டபத்துச் சங்கத்தைப் பற்றிப் படிக்கும்போது அந்தச் சொல்தான் எனக்கு நினைவு வந்தது.

இதற்கு முன்மாதிரி இங்கிலாந்தில் 1884-ல் உண்டான கடல் உயிரியல் சங்கம். அதன் முதல் தலைவர் டி.ஹெச். ஹக்ஸ்லி. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தின வருஷம் லண்டன் மீன்வளக் கண்காட்சியில், பெருங்கடல் மீன்கள் பிடிக்கப் பிடிக்கக் குறையாதவை என்ற பொருளில் பேசியவரும் அவரே. குறையுமா குறையாதா என்று கண்டுபிடிக்கச் சங்கம் வைத்தார்கள். குறையும் என்பது போகப்போகத் தெரிந்தது. பேச்சோடு நிற்காமல் சோதித்துப் பார்த்து எழுதி வைப்பதற்குத்தான் சங்கம்.

நம் சங்கம் 1959-ல் ஆராய்ச்சி இதழைத் தொடங்கியது. அன்னியச் செலாவணிக்குப் பஞ்சமான காலம் அது. அந்த நாளில் இத்தகைய சங்கங்கள் தங்கள் இதழைக் கொடுத்துப் பதிலுக்கு வெளிநாட்டு இதழ்களை வாங்கிக்கொள்ளும். பண்டமாற்றுதான். பிறகு ஸிம்போஸியங்கள். 1962-ல் மண்டபம் கேம்ப்பில் அயிலை, சூரை இன மீன்களைப் பற்றி. 1965-ல் எர்ணாகுளத்தில் இறால், நண்டு இனங்களைப் பற்றி. 1968-ல் கொச்சியில் சிப்பி, சங்கு இனங்களைப் பற்றி. 1969-ல் மறுபடி மண்டபத்தில் பவளப்பாறைகளைப் பற்றி. 1971-ல் கொச்சியில் இந்துமாக்கடலைப் பற்றி.

எழுத்தராக இருந்தவனுக்குத் தேதி கண்ணில் படாமல் போகாது. இந்த ஐந்து கூட்டமும் தொடங்கியது ஜனவரி 12. பின்னால் 1980-லும் 1985-லும் நடந்த கூட்டங்களும் அப்படியே. மார்கழி முடிந்து தை பிறக்கிற நாள். வீட்டில் பொங்கல் பானை வைக்க வேண்டிய நேரத்தில் இவர்கள் கடலைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறார்கள். 1964 டிசம்பர் 22, 23-ல் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது; பாம்பன் பாலம் உடைந்தது; ரயிலோடு ஜனங்கள் போனார்கள். மூன்று வாரம் கழித்து 1965 ஜனவரி 12-ந் தேதி எர்ணாகுளம் கூட்டம் குறித்தபடி தொடங்கியது. அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் சங்கம் இல்லை.

தூத்துக்குடிக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பீர்கள். ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடிக் கிளையில் எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் என்று இரண்டு விஞ்ஞானிகள் இருந்தார்கள். கடலடியைப் படகிலிருந்து கயிறு விட்டுத் துழாவிப் பார்த்த காலத்தில், இவர்கள் மூச்சுக்கருவியை மாட்டிக்கொண்டு தாங்களே கீழே இறங்கினார்கள். அந்தக் கருவி 1943-ல் பிரான்சில் கூஸ்தோவும் எமில் கஞ்ஞானும் சேர்ந்து உருவாக்கியது. கூஸ்தோவின் கடலடிப் படம் 1956-ல் கான் விழாவில் பெரிய பரிசு வாங்கியது. அதையெல்லாம் சினிமாவாகப் பார்த்து உலகம் வியந்துகொண்டிருந்த காலத்திலேயே நம் பார்களிலும் அந்த வேலை நடந்திருக்கிறது.

முத்துக்குளிப்பில் குளியாளி கீழே போனால் மேலே ஒருவர் கயிறு பிடிப்பார். உயிர் அந்தக் கையில். அதனால் மச்சானைத்தான் கயிறு பிடிக்க விடுவார்கள். தங்கை தாலி அறுக்க விடமாட்டான் அல்லவா என்று கரையில் சொல்வது வழக்கம். மகாதேவனும் நாயரும் சேர்ந்தே எழுதிய கட்டுரைகள் சங்கத்தின் இதழில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தூத்துக்குடிக்கு அப்பால் கடலடியில் கண்டவை என்ற தலைப்பில் ஒரு வரிசை. 1965-ல் வந்த முதல் கட்டுரை ஒரு பாரை மீனும் கடல்பாம்பும் ஒன்றாகச் சுற்றித் திரிவதைப் பற்றியது. 1967-ல் வந்தது பாறைத் தரையின் அமைப்பைப் பற்றியது. தலைமுறை தலைமுறையாகக் குளியாளிகள் கண்ணால் கண்டு வாயால் சொல்லி வந்ததற்கு முதல்தடவையாக அளவும் படமும் தேதியும் போட்டவர்கள் இவர்கள்.

இனி 1969-க்கு வருவோம். ஜனவரி 12 முதல் 16 வரை கூட்டம். நடுவில் 14-ந் தேதி பொங்கல். அந்த நாளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சென்னை ராஜ்யம் என்ற பெயர் போய், தமிழ்நாடு என்ற பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்த நாள் அதுதான். ஆக, கூட்டம் சென்னை ராஜ்யத்தில் தொடங்கித் தமிழ்நாட்டில் முடிந்திருக்கிறது. இது யாராவது திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆனாலும் இந்தப் பொருத்தத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்ததுண்டு. காரணம் பின்னால் சொல்கிறேன்.

பவளம் என்பது செடியா, கல்லா, பிராணியா என்பதிலேயே உலகம் நெடுநாள் குழம்பியிருந்தது. மார்செய் ஊர் வைத்தியர் பெய்சொனெல் 1720-களில் அது பிராணி என்று கண்டு சொன்னபோது பாரிஸ் அக்கதெமி நம்பவில்லை. பெரிய மேதையான ரெயோமூர், அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, பெயரைச் சொல்லாமலே அவர் கருத்தைச் சபையில் வைத்து மறுத்தார். பிற்பாடு பெய்சொனெல் சொன்னதே சரி என்று ஆயிற்று. சங்கம் சில சமயம் காது கொடுக்காது என்பதற்கும் வரலாற்றில் உதாரணம் இருக்கிறது. பவளப்பூச்சி தன் உடம்பைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டுகிறது. கோடிக்கணக்கான கூடுகள் சேர்ந்து பாறையாகின்றன. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரைக்கு இணையாக இருக்கும் 21 தீவுகளைச் சுற்றி நிற்பவை இந்தப் பாறைகள்தாம். அலை முதலில் மோதுவது அவற்றின் மேல். மிச்சம்தான் கரைக்கு வருகிறது.

மண்டபத்தில் படித்த கட்டுரைகள் சி. முகுந்தன், சி.எஸ். கோபிநாத பிள்ளை ஆகியோரைப் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு 1972-ல் தொகுப்பாக வந்தன. பவள இனங்களை இனம்பிரித்துப் பெயரிடுவதில் இந்தியாவில் கோபிநாத பிள்ளைக்கு இணை அப்போது கிடையாது. அந்தத் தொகுப்பில் மகாதேவனும் நாயரும் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் பவளப்பாறைகள் எங்கெங்கே இருக்கின்றன, அவற்றை எப்படி எடுக்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் அதன் பொருள்.

எடுக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? முருகைக்கல்லைக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவது. காளவாசலில் சுட்டால் நல்ல சுண்ணாம்பு. வீடு கட்டக் கல். பின்னால் ஆலைகள் வந்ததும் அவற்றுக்கும் மூலப்பொருள். மலையிலிருந்து சுண்ணாம்புக்கல் வெட்டி லாரியில் ஏற்றுவதைவிட, கையெட்டும் கடலில் கிடைப்பது மலிவு. மீன் கிடைக்காத நாளில் குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றிய தொழில் அது. செய்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கல் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். அது உயிர், வளர மெதுவாக வளரும், எடுத்தால் தீவே கரையும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

தெரிந்தவர்கள் இருந்தார்கள். 1972-லேயே அச்சில் எழுதி வைத்தார்கள். ஆனால் எழுதியது இங்கிலீஷில். வெளியே ராஜ்யம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றுக்கொண்டிருந்த அதே வாரத்தில் உள்ளே பேச்சு முழுக்க வேறு மொழியில் நடந்தது. உலகத்து விஞ்ஞானிகள் கேட்க வேண்டுமானால் அப்படித்தான் பேச வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கட்டுரை தமிழில் ஒரு சிறு பிரசுரமாகவாவது வந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியாத மொழியில் படித்து வளர்ந்தவன் என்ற முறையில் இது எனக்கு நன்றாக விளங்கும். பிரெஞ்சில் மார்க்கு வாங்குவது ஒன்று; படித்ததைத் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவுக்குத் தமிழில் சொல்லிப் புரியவைப்பது வேறு. இரண்டாவது மிகவும் கஷ்டம். அதைச் செய்யாதவரை படிப்பு பெட்டிக்குள் இருக்கிற மாதிரிதான்.

இதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். 1967-ல் குயின்ஸ்லாந்தில் ஒரு கரும்பு விவசாயி, எல்லிசன் ரீஃப் என்ற பவளப்பாறை செத்துப்போனது, அதிலிருந்து வயலுக்குச் சுண்ணாம்பு எடுக்க அனுமதி வேண்டும் என்று விண்ணப்பித்தார். அந்த ஊரில் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று இருந்தது. ஜூடித் ரைட் என்ற கவிஞரும், ஜான் பூஸ்ட் என்ற ஓவியரும் அதன் முக்கியமானவர்கள். அவர்களுக்குத் துணையாக இன்னொரு சிறிய சங்கத்தைச் சேர்ந்த மாணவர்கள் கடலுக்குள் இறங்கி, பாறையில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று பட்டியல் எடுத்தார்கள். விசாரணையில் போய், இது சாகவில்லை, உயிரோடு இருக்கிறது என்று சாட்சி சொன்னார்கள். 1968-ல் விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. அடுத்த சில வருஷத்தில், 1975-ல், அந்த நாட்டில் பெரும் பவளத்திட்டுக்கென்றே தனிச் சட்டம் வந்துவிட்டது.

இரண்டு இடத்திலும் சங்கம் இருந்தது. இரண்டு இடத்திலும் கடலுக்குள் இறங்கிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அங்கே அவர்களோடு ஒரு கவிஞரும் ஓர் ஓவியரும் சேர்ந்துகொண்டார்கள். பேச்சு சபையைத் தாண்டிப் பத்திரிகைக்கும் கடைத்தெருவுக்கும் வந்தது. இங்கே விஞ்ஞானிகள் அரசாங்க உத்தியோகஸ்தர்கள். ஆபீஸில் இருக்கிறவன் கோப்பில் குறிப்பு எழுதலாம், தெருவில் நின்று பேச முடியாது. அந்தச் சங்கடம் எனக்குத் தெரியும். பேசியிருக்க வேண்டியவர்கள் நாம். ஊர்க்காரர்கள், ஆசிரியர்கள், எழுத்தாளர்கள். நமக்கு விஷயமே தெரியாது.

பிறகு நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்கிறேன். 1971-ல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் கொச்சிக்குப் போனது. சங்கத்தின் விலாசமும் இப்போது கொச்சிதான். 1973 ஜூலையில் தூத்துக்குடிக்குப் பக்கத்திலுள்ள வேப்பலோடையில் கே. அழகர்சாமியும் குழுவினரும் நம் சிப்பியிலேயே உருண்டையான வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். 1974-ல் தூத்துக்குடி பெரிய துறைமுகம் ஆனது. ஊர் வளர்ந்தது, கட்டடம் வளர்ந்தது, சுண்ணாம்புத் தேவையும் வளர்ந்தது. கல் எடுப்பது நிற்கவில்லை. 1985 ஜனவரியில் சங்கம் மறுபடி கூடியது; இந்தத் தடவை பொருள் அழிந்துவரும் கடல் உயிரினங்களும் கடல் பூங்காக்களும். அடுத்த வருஷம், 1986-ல், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டன. 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம். 2001-ல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் கள்ளத்தனமாகக் கல் வந்துகொண்டிருந்தது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி வந்தது. நாகப்பட்டினத்தையும் குளச்சலையும் பார்த்தவர்களுக்குத் தூத்துக்குடி தப்பியது புரியும். இலங்கை குறுக்கே நின்று மறைத்தது பெரிய காரணம். தீவுகளும் பாறைகளும் தடுத்தன என்பதைக் கடற்கரை ஜனங்கள் கண்ணாலேயே பார்த்து நம்பினார்கள். அதன் பிறகு மீனவ ஊர்களில் கூட்டம் போட்டுத் தமிழில் எடுத்துச் சொன்னபோது காது கொடுத்தார்கள். வனத்துறையின் கெடுபிடியும் சேர்ந்தது. 2005-ல் கல் எடுப்பது நின்றது. தொகுப்பு வெளிவந்து 33 வருஷம் கழித்து!

அதற்குள் இரண்டு தீவுகள் போய்விட்டன. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி. வரைபடத்தில் 21 என்று எண்ணுகிறோம். அலைக்கு மேலே தெரிவது 19. சல்லி என்றால் உடைகல். பாறை உடைந்து ஒதுங்கிய சல்லியில் எழுந்த தீவுக்கு அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பாறை போனால் சல்லி ஏது? வான் தீவும் காரைச்சல்லியும் தேய்ந்து தேய்ந்து, வான் தீவைக் காப்பாற்றக் கடலடியில் கான்கிரீட் அமைப்புகளை இறக்கியிருக்கிறார்கள். இயற்கை இனாமாகக் கட்டித் தந்த சுவரை எடுத்துச் சுட்டுவிட்டு, பணம் செலவழித்துச் சுவர் கட்டுகிறோம்.

அப்படியானால் சங்கம் கூடியது வீணா என்று கேட்கலாம். வீண் இல்லை. 1998-லும் 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப்போனபோது, முன்பு எப்படி இருந்தது என்று சொல்ல ஒரு கணக்கு வேண்டியிருந்தது. கோபிநாத பிள்ளை 1986-ல் மன்னார் வளைகுடாவுக்கு 94 பவள இனங்கள் என்று பட்டியல் கொடுத்திருந்தார். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் பிற்பாடு தீவு தீவாக முங்கிப் பார்த்து அதை 117 ஆக்கினார்கள். உடைந்த கிளைகளைக் கட்டி வளர்த்துப் பாறையில் நடுகிற வேலையும் செய்கிறார்கள். எங்கே எது இருந்தது என்று பழையவர்கள் எழுதி வைத்திருக்காவிட்டால், எங்கே எதை நடுவது? பழைய கோப்பைத் தூசு தட்டி எடுத்து, இதோ இந்தத் தேதியில் இப்படி இருந்தது என்று காட்டும்போதுதான் அதன் மதிப்புத் தெரியும். கூட்டம் முடிந்து எல்லாரும் ரயிலேறின பிறகு மிஞ்சுவது மினிட்ஸ் மட்டும்தான்.

பாக் நீரிணையில் 2022-ல் ஆவுளியாவுக்காக 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தார்களே, அதற்கும் வேர் மண்டபத்தில்தான் இருக்கிறது. நிலையத்தின் இயக்குநராக இருந்த எஸ். ஜோன்ஸ் அந்த நாளிலேயே ஆவுளியாக்களைத் தொட்டியில் வைத்துப் பல வருஷம் வளர்த்து, அவை என்ன தின்கின்றன, எப்படிப் பழகுகின்றன என்று எழுதி வைத்தவர். இந்தத் தடவை விஷயம் கரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வலையில் சிக்கிய ஆவுளியாவை மீனவர்களே கடலில் விட்டதாகப் பத்திரிகையில் படிக்கும்போது மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

இப்போதும் அந்தச் சங்கத்தின் இதழ் வருஷத்துக்கு இரண்டு தடவை வெளிவந்துகொண்டிருக்கிறது. பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். இதைப் படிக்கிறவர்களில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். கடற்கரை ஊர்களில் பிறந்து கல்லூரி முடித்த பிள்ளைகள் இருக்கிறீர்கள். மகாதேவனும் நாயரும் எழுதிய அந்தக் கட்டுரை நீளமானதில்லை. இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் தமிழாக்கலாம். திரேஸ்புரத்திலும் தருவைக்குளத்திலும் வேம்பாரிலும் அதை வாசிக்க ஆள் உண்டு. தங்கள் தாத்தா பெயர் வைத்த பார்களைப் பற்றித்தான் அதில் எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். யாராவது முன்வந்தால், கையெழுத்துப் பிரதியைச் சரிபார்த்துக் கொடுக்க நான் தயார்.